மன்னன் பெயர்த்த மக்களும் மன்னன் அமர்த்திய மக்களும்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் காணி, எல்லை, பிரதேச செயலகம் ஆகியவை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், யார் முன்னவர், யார் பின் வந்தவர் என்ற வினாவும் உடன் எழுகின்றது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்திலும் இவ்வினா பல மேடைகளில் ஒலித்தது. வரலாற்றைச் சான்றுக்கு அழைப்போர் அதனை முழுமையாக அழைப்பதில்லை என்பதே இங்குள்ள சிக்கலாகும். மக்களைப் பெயர்த்த மன்னன் ஒருவனையும், பெயர்க்கப்பட்ட மக்களை அமர்த்திய மன்னன் ஒருவனையும் அருகருகே வைத்து நோக்கின் சில தெளிவுகள் கிட்டும்.

முதலாமவன் பாபிலோனை கி.மு. 605 முதல் 562 வரை ஆண்ட இரண்டாம் நேபுகாத்நேச்சார். இஸ்லாமிய மரபு அவனைப் புக்து நஸ்ஸர் என அழைக்கின்றது. அல்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயமான பனீ இஸ்ராயீல், அச்சமூகத்தார் இருமுறை குழப்பம் விளைவித்ததையும், வலிமை மிக்க அடியார்கள் அவர்கள்மீது சாட்டப்பட்டதையும் கூறுகின்றது. அங்கு எம்மன்னனின் பெயரும் சுட்டப்படவில்லை. எனினும் விரிவுரையாளர் பலர் இதனைப் புக்து நஸ்ஸரின் படையெடுப்போடு பொருத்தி விளக்கியுள்ளனர்; வேறு கருத்துடையோரும் உளர்.

வரலாற்றுச் சான்றுகளும் இவ்விடயத்தில் வலுவானவை. கி.மு. 597 இல் அவன் யூதாவின் தலைநகரைக் கைப்பற்றி, அதன் அரசனைச் சிறைப்பிடித்து, தன் விருப்பிற்குரிய ஒருவனை அரசனாக்கி, பெருந்திறை கொண்டு சென்றான் என, பிரித்தானிய நூதனசாலையிலுள்ள பாபிலோனியக் களிமண் ஏடொன்று குறிப்பிடுகின்றது. சிறைப்பட்டவன் யோயாக்கீன், அமர்த்தப்பட்டவன் சிதேக்கியா. பின்னர் சிதேக்கியாவும் கிளர்ந்தெழவே, ஏறத்தாழ கி.மு. 586 இல் ஜெரூசலேம் தகர்க்கப்பட்டு, அதன் ஆலயம் தீக்கிரையாக்கப்பட்டது.

அவன் யாரைப் பெயர்த்தான் என்பது கவனத்திற்குரியது. அரச குடும்பத்தினர், படைவீரர், கைவினைஞர், கொல்லர் ஆகியோரே முதலில் கொண்டு செல்லப்பட்டனர். திராட்சைத் தோட்டம் பேணவும் வயலை உழவும் ஏழைகள் விட்டுவைக்கப்பட்டனர் என விவிலியம் கூறுகின்றது. எரேமியாவின் நூல் மூன்று கட்டங்களில் கொண்டு செல்லப்பட்டோரை 4,600 பேர் எனக் கணக்கிடுகின்றது. ஒரு சமூகத்தின் தலையையும் கையையும் அகற்றிவிட்டால் உடல் தானாகவே அடங்கும் என்பதே இதன் பின்னாலிருந்த கணிப்பாகும்.

அவனுக்கு முன்பு கி.மு. 722 அளவில் இஸ்ரேலின் வட அரசை வீழ்த்திய அசீரியர், அங்கிருந்த மக்களைப் பல திசைகளிற் சிதறடித்து, வெறுமையான ஊர்களில் வேற்று மக்களைக் குடியேற்றினர். அங்ஙனம் கொண்டு செல்லப்பட்ட கோத்திரங்கள் தனிச் சமூகமாக மீண்டெழவில்லை. பாபிலோனியரோ யூதாவின் மக்களைக் கால்வாய்க் கரை ஊர்களில் குழுக்களாகவே அமர்த்தினர். அவ்வாறமைந்த ஊரொன்று யூதாவின் பெயராலேயே அழைக்கப்பட்டதை, அங்குள்ளோர் நிலம் பயிரிட்டு வரி செலுத்திய விபரங்களைக் கூறும் களிமண் ஏடுகளால் அறிகின்றோம். யூதாவில் வேற்று மக்கள் கொணர்ந்து குடியேற்றப்படவுமில்லை. ஊரும் எஞ்சியது, உறவும் எஞ்சியது. ஆதலால் கி.மு. 539 இல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றிய பின்னர், திரும்பிச் செல்லல் சாத்தியமாயிற்று.

ஆயினும் அனைவரும் திரும்பவில்லை. புதிய மண்ணில் வேரூன்றியோர் அங்கேயே தங்கினர். அவர்தம் வழிவந்த யூத சமூகம் ஈராக்கில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருந்தொகையாக வாழ்ந்தது. திரும்பியோருக்கும் நாட்டில் ஏற்கனவே இருந்தோருக்குமிடையே பிணக்குகளும் தோன்றின. ஆலயத்தை மீளக் கட்டும் பணி இதனாற் பல்லாண்டுகள் தடைப்பட்டு, கி.மு. 515 அளவிலேயே நிறைவெய்தியது. திரும்பிச் செல்லும் உரிமையை ஓர் ஆணை வழங்கிவிடலாம். திரும்பியவரை ஏற்கும் மனத்தை ஆணையால் உருவாக்க முடியாது.

இனி நமது கரைக்கு வருவோம். 1626 ஆம் ஆண்டில், தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் வெளியேற்றினர். அப்போது இலங்கையில் அவர்களது தளபதியாக விளங்கியவர் கொன்ஸ்தந்தீனு டி சா. வணிகப் போட்டியும் மதப் பகைமையும் இதற்குக் காரணங்களாயின. வெளியேற்றப்பட்டோருக்குப் புகலிடமளித்தவன் கண்டியை ஆண்ட செனரத் மன்னன். அவர்களுள் நாலாயிரம் பேர் மட்டக்களப்புப் பகுதியில் அமர்த்தப்பட்டனர் என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். இன்றைய அம்பாறைக் கரையோரமும் அக்காலத்தில் மட்டக்களப்புத் தேசத்தினுள் அடங்கியதே.

செனரத்தின் செயலில் இரக்கம் மட்டுமே இருந்தது எனக் கொள்ளல் மிகையாகும். போர்த்துக்கேயரோடு பொருதிய அவனுக்கு, நெல் விளைவிக்கும் கரங்களும் தவளமாடுகளிற் சரக்கேற்றும் வணிகரும் கிழக்குக் கரையிற் பற்றுறுதியுள்ள குடிகளும் தேவைப்பட்டனர். நேபுகாத்நேச்சாரைப் போன்று இவனும் அரசியற் கணக்கோடுதான் இயங்கினான். முன்னவனின் கணக்கு ஒரு மக்களைப் பிடுங்கியதிலும், பின்னவனின் கணக்கு பிடுங்கப்பட்டோரை நட்டதிலும் முடிந்தமையே வேறுபாடு.

இந்நிகழ்வைச் சிலர் திரித்துக் கூறுவதும் உண்டு. கிழக்கின் முஸ்லிம்கள் அனைவரும் 1626 இல் வந்தோரே என்பது அவர்களது வாதம். செனரத் அமர்த்தியோர் வருமுன்னரே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்பதை முக்குவர் – திமிலர் போர் பற்றிய வாய்மொழி மரபுகள் நினைவுகூருகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்து கொள்வதும், மணமகளுக்கே வீடு சேரும் வழக்கம் இரு சமூகத்தாரிடமும் நிலவுவதும், நெடுங்கால உறவின்றி ஏற்பட்டிருக்க முடியாதவை. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நோக்கினும், நானூறு ஆண்டுகளாக ஒரு மண்ணை உழுதவரின் உரிமையை வினவுவதற்கு எவருக்கும் நியாயமில்லை. அதே அளவுகோல் இக்கரையின் தமிழருக்கும் பொருந்தும்.

நம் காலத்திலும் பெயர்த்தெறியும் கொடுமை நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார் உள்ளிட்ட ஐந்து வட மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ் நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்டது சில மணி நேர அவகாசமே. 2002 இல் அவ்வியக்கத்தின் அன்ரன் பாலசிங்கம் அதனை ஓர் அரசியற் தவறென ஏற்றுக்கொண்டார். அதே 1990 இன் ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். ஒலுவிலை அண்டிய திராய்க்கேணியிலும் வீரமுனையிலும் தமிழர் கொல்லப்பட்டு, எஞ்சியோர் ஊரைவிட்டு ஓடினர். தனது துயரை மட்டும் எண்ணி, அடுத்தவரின் துயரை மறக்கும் தகுதி இவ்விரு சமூகத்தில் எதற்கும் கிடையாது.

திரும்பிச் செல்லலில் பாபிலோனின் பாடம் வடக்கில் மீண்டும் நிரூபணமாயிற்று. இரு தசாப்தங்கள் புத்தளத்தில் வாழ்ந்தோருக்கு அங்கே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோன்றினர். ஊர் திரும்பியோர் வீட்டின் இடத்தில் பற்றையையும், சிலவிடங்களில் வேறு குடியிருப்பாளரையும் கண்டனர். மன்னாரின் முசலிப் பகுதியில், மக்கள் அகன்றமையால் காடு மண்டிய நிலத்தின் ஒரு பகுதி 2012 இல் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. புத்தளத்தில் வீடு இருப்பதால் ஊரில் உரிமை அற்றுவிட்டது என வாதிடுவது, பாபிலோனில் தோட்டம் நட்டவனுக்கு ஜெரூசலேம் சொந்தமில்லை என்பதற்கு ஒப்பாகும்.

மக்களைப் பெயர்ப்பதற்கு எந்நேரமும் படை தேவைப்படுவதில்லை. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகத்தின் பணிகள் 2008 இல் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1 இல் அது திறந்துவைக்கப்பட்டது. இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. அலைதடுப்புச் சுவர்கள் அந்நகர்வை மறித்தமையால் துறைமுக வாயிலில் மணல் குவிந்தது; வடபுறக் கரையைக் கடல் அரித்தது. காணியை அபிவிருத்திக்கு ஈந்தோர் ஒருபுறமிருக்க, எதனையும் ஈய எண்ணாதோரின் தென்னந்தோப்புகளும் தோணி இழுக்கும் கரையும் கடலுக்குப் பலியாயின. அம்மண்ணில் வாழ்வோரின் அறிவைக் கேளாது மேலிருந்து தீட்டப்படும் திட்டமும், மன்னனின் ஆணையைப் போன்றே மக்களை இடம்பெயர்க்க வல்லது.

எனவே கிழக்கின் தமிழ், முஸ்லிம் தலைமைகள் முன்னவர் யார் என்ற வழக்கைக் கைவிட்டு, பெயர்க்கப்பட்டோர் அனைவரதும் காணிப் பட்டியலை ஒன்றாக அமர்ந்து தயாரிப்பதே தக்கதாகும். திராய்க்கேணித் தமிழனின் உறுதியும், மன்னார் முஸ்லிமின் உறுதியும், கடலரித்த ஒலுவில் மீனவனின் கோரிக்கையும் அப்பட்டியலில் அருகருகே இடம்பெறல் வேண்டும். ஒருவர் கோரிக்கையை மற்றவர் முன்மொழியும் நாளில்தான் அது அரசின் செவியில் விழும்.