புகுதலும் இருத்தலும்

பல்கலைக்கழகம் என்னும் பெயரிலேயே பன்மை அமைந்து கிடக்கின்றது. ஆயின் அப்பன்மை கலைகளைப் பற்றியதே. அவற்றைக் கற்க வருவோரும் பலதிறத்தினராதல் வேண்டும் என்னும் எண்ணம் உலகில் மிகப் பிந்தியே வேரூன்றியது. இன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் பன்மைக்கென்றே அலுவலகங்களும் உதவி நிலையங்களும் உள. அவை எவ்வாறு எழுந்தன, அமெரிக்க ஐக்கிய நாட்டில் இப்பொழுது அவற்றின்மீது இத்துணைப் பூசல் ஏன் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். ஆராய்ச்சியை ஒரு நாற்காலியிலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

1948 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் மக்லோறின் என்னும் கறுப்பினத்தவர், நீதிமன்றத்தின் துணைகொண்டு, ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்திற் கல்வியியற் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க அனுமதி பெற்றார். அவர் முன்னரே முதுமாணிப் பட்டம் பெற்றவர். அனுமதி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. வகுப்பறையை அடுத்திருந்த ஒரு சிற்றறையில் அவருக்கு நாற்காலி இடப்பட்டது. நூல்நிலையத்தின் பொது வாசிப்பறை அவருக்கு விலக்கப்பட்டது. இடைத்தட்டில் ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. சிற்றுண்டிச்சாலையிலோ, பிறர் உண்ணாத வேளையில், குறித்த ஒரு மேசையிலேயே அவர் உண்ணல் வேண்டும். பின்னர் வகுப்பறைக்குள்ளே இடந்தந்தபோதும், அவர்க்கென வேறாக்கிய வரிசையிலேயே அமர்த்தினர்.

இவையெல்லாம் பெயரளவான வேறுபாடுகளே என்றனர் மாநிலத்தார். ஆசிரியர் ஒருவரே, நூல் ஒன்றே, விரிவுரை ஒன்றே; குறை யாது என்பது அவர் வினா. 1950 ஆம் ஆண்டு யூன் 5 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதற்கு விடை கூறியது. சக மாணவரோடு உரையாடலும் கருத்துப் பரிமாறலும் கல்வியின் பகுதிகள்; அவற்றைத் தடுத்தல் கல்வியையே குறைத்தலாகும் என்றது. தடைகளை நீக்கியபின்பும் மாந்தர் உள்ளத்து வெறுப்பு நீங்காமலிருத்தல் கூடும் என்பதையும் அது மறைக்கவில்லை. ஆயினும் தன் தகுதியாற் பிறர் நட்பைப் பெறும் வாய்ப்பை அரசே ஒருவர்க்கு மறுத்தலாகாது என்று தீர்த்தது.

யாழ்ப்பாணத்தார்க்கு இஃது அயலார் கதையாகத் தோன்றாது. 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் சமாசனம் பற்றி இங்கு நிகழ்ந்த பூசலை நினைக. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குள் வரலாம், ஆனால் வாங்கில் இருத்தலாகாது என்று வாதிட்டோர் நம்மவரே. புகுதல் வேறு, இருத்தல் வேறு என்பதை நிலத்திலிருந்து படித்த பிள்ளைகள் எந்த நீதியரசருக்கும் முன்னரே அறிந்திருந்தனர்.

இவ்வேறுபாட்டை முற்றிலும் வேறொரு துறையில் விளக்குவது எட் றொபேட்ஸ் என்பாரின் வரலாறு. பதினான்காம் வயதில் இளம்பிள்ளைவாதத்தால் கழுத்தின் கீழ் ஏறக்குறைய முற்றாகச் செயலிழந்தவர் அவர். மூச்சுவிடுதற்கு இரும்பு நுரையீரல் எனப்படும் பேரியந்திரம் வேண்டியிருந்தது. 1962 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். அவ்வியந்திரத்தைத் தாங்கவல்ல விடுதி அங்கு இல்லாமையால், வளாகத்து மருத்துவமனையிலேயே அவர்க்கு அறை கொடுத்தனர். மாணவன் ஒருவன் நோயாளியாக அல்லாமல் மருத்துவமனையில் வாழ நேர்ந்தது. பின்னர் அத்தகைய மாணவர் பிறரும் அங்கு வந்து சேர்ந்தனர். தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தாமே கூடி ஆராய்ந்தனர்.

அதன் பயனாக 1970 ஆம் ஆண்டில், உடலியலாமையுடைய மாணவர்க்கான திட்டமொன்று அப்பல்கலைக்கழகத்திலே தொடங்கிற்று. அதன் பணிகளைக் கேட்போர் வியப்படைவர், அவை அத்துணை எளியன: உதவியாளரைத் தேடிக் கொடுத்தல், பழுதடைந்த சக்கர நாற்காலியைத் திருத்துதல், வளாகத்துக்கு அணித்தாய் வாடகைக்கு வீடு பார்த்தல். சொற்பொழிவோ விழாவோ அன்று. படித்தற்கு மூளை இருந்தும் வகுப்புக்குப் போதற்குச் சக்கரம் இல்லாதவர்க்குச் சக்கரம் தருதலே திட்டம். றொபேட்சின் உடல்நிலை தொழிலுக்கு உதவாது என்று ஒருகால் உதவி மறுத்த கலிபோர்ணிய மறுவாழ்வுத் திணைக்களத்துக்கு, 1975 ஆம் ஆண்டில் அவரே பணிப்பாளராயினார்.

பாடத்திட்டத்துக்குள்ளும் இடம் வேண்டும் என்ற கோரிக்கை சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் எழுந்தது. 1968 நவம்பர் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மாதம் மாணவர் அங்கே வேலைநிறுத்தம் செய்தனர். கறுப்பினத்தார், ஆசியர், மெக்சிக்கர், பழங்குடியினர் ஆகியோரின் வரலாறும் இலக்கியமும் கல்லூரியிற் பயிற்றப்படல் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். பதிற்றலைவராயிருந்தவர் ஹயகாவா என்னும் மொழியியலறிஞர். மாணவரின் ஒலிபெருக்கி வண்டிமீதேறிக் கம்பிகளைத் தாமே பிடுங்கி எறிந்தார். சொல்லின் ஆற்றலை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் சொல்லைத் தடுக்கக் கம்பியைப் பிடுங்கியது வேடிக்கையே. ஆயினும் 1969 ஆம் ஆண்டில் இனவியற் கல்விக்கென ஒரு தனிப் பீடம் அங்கே நிறுவப்பட்டது.

இதுவரை பேசப்பட்டது நீதி. பன்மை என்னும் சொல் தலைமை பெற்றது 1978 ஆம் ஆண்டில். டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையினர்க்கு ஒதுக்கியிருந்தது; வெள்ளையரான பக்கி என்பவர் வழக்காடினார். உச்ச நீதிமன்றம் அவ்வொதுக்கீட்டை நீக்கியது. எனினும், பலதிறத்து மாணவர் கூடிக் கற்றல் எல்லார்க்கும் நன்மை பயக்குமாதலால், இனத்தையும் ஒரு காரணியாகக் கருதலாம் என்றார் நீதியரசர் பவல். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் முறையை அவர் முன்மாதிரியாகக் காட்டினார்.

இவ்வாதம் திட்டங்களைக் காத்தது உண்மை. ஆனால் பழைய அநீதியைத் திருத்துதல் என்னும் கடன், பிற மாணவரின் அனுபவத்தை வளமாக்குதல் என்னும் பயனாக மாறிற்று. கடனாயின் கேட்டுப் பெறலாம். பயனாயின், பயனில்லை என்று ஒருவர் கூறியவுடன் விலக்கலாம். அவ்வாறே நிகழ்ந்தது. 2023 ஆம் ஆண்டு யூன் 29 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், முன்மாதிரியாகக் காட்டப்பெற்ற அதே ஹார்வார்ட்டின் முறையைச் சட்டத்துக்கு மாறானதென்று தள்ளியது.

தனி நிலையங்கள் மாணவரைப் பிரித்து வைக்கின்றன என்பது எதிர்ப்போர் கூறும் குறை. அதனை எளிதில் ஒதுக்கல் தகாது. உணவு விழாவும் நடன மாலையும் நடத்தி அமையும் அலுவலகத்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த மாணவனுக்குப் பெரும்பயன் இல்லை. ஆயினும் மக்லோறினின் சிற்றறையையும் இந்நிலையங்களையும் ஒன்றெனக் கருதுதல் பிழை. அஃது அவர் வெளியே வரக் கூடாத அறை. இவை மாணவர் விரும்பிப் புகுந்து, விரும்பி வெளியேறும் அறைகள்.

மக்லோறின் வழக்குத் தீர்ந்த அதே நாளில், ஹெமன் சுவெற் என்னும் கறுப்பினத்தவரைச் சட்டக் கல்லூரியிற் சேர்க்குமாறு ரெக்சாஸ் பல்கலைக்கழகமும் பணிக்கப்பட்டது. அம்மாநிலம் 2023 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, அரசுப் பல்கலைக்கழகங்களிற் பன்மைக்கான அலுவலகங்களைத் தடைசெய்தது. சட்டம் 2024 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தபொழுது, ஒஸ்ரின் நகரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் பல்பண்பாட்டு நிலையம் மூடப்பட்டது. உடலியலாமையுடையோர்க்கான உதவிகள் தொடர்ந்தன. 1973 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அவற்றைக் கட்டாயமாக்கியிருந்தது.