தீயில் மறையாத கதைகள்!

குட்டீஸ்... இரண்டாம் உலகப் போர் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தலைவர்களின் பெயர்கள் இருக்கும், தேதிகள் இருக்கும். ஆனால், அப்போது உங்கள் வயதில் இருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அதைத் தேடிப் போன ஒருவரைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

அவர் பெயர் கட்சுமோட்டோ சவோடோமே. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் வாழ்ந்தவர். 1945 மார்ச் 10ம் தேதி நள்ளிரவு, அவருக்கு வயது 12. ஏறக்குறைய 300 அமெரிக்க விமானங்கள், டோக்கியோ மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. அங்கே பெரும்பாலும் மர வீடுகள். காற்றும் பலமாக வீசியது. அந்த ஒரே இரவில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தனர். சவோடோமே தன் குடும்பத்தோடு ஓடித் தப்பினார்.

போர் முடிந்தது. ஹிரோஷிமா, நாகசாகி பற்றி உலகமே பேசியது. டோக்கியோவின் அந்த இரவைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. எழுத்தாளராக வளர்ந்த சவோடோமே, 1970ல் சிலரோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். உயிர் பிழைத்தவர்களின் அனுபவங்களைச் சேகரித்துப் புத்தகங்களாக்கினார்.

அந்த இரவில் என்னவெல்லாம் நடந்தது தெரியுமா?

குண்டுவீச்சுக்குப் பயந்து, டோக்கியோ பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியிருந்தனர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர், பள்ளிப் படிப்பு நிறைவு விழாவுக்காக அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தனர். பாவம், தீயில் சிக்கிக் கொண்டனர். தலையைக் காப்பாற்றும் என்று நம்பி அணிந்த பஞ்சுத் தொப்பியிலேயே தீப்பொறி விழுந்து பற்றிக் கொண்டது. 'ஓடாதே, தீயை அணை' என்பது அரசு போட்டிருந்த உத்தரவு. அதை நம்பி, வாளியும் கையுமாக நின்றவர்களும் தப்பவில்லை.

கோயோ இஷிகாவா என்ற போலீஸ் புகைப்படக்காரர், எரிந்த நகரத்தைப் படமெடுத்திருந்தார். போருக்குப் பின், அமெரிக்க ராணுவம் அந்தப் பட நெகடிவ்களைக் கேட்டது. அவர் கொடுக்கவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்தார்! இன்று நாம் அந்த இரவின் கோரத்தைப் பார்க்க முடிவது, அவரால்தான்.

இவற்றைக் காக்க அருங்காட்சியகம் அமைக்கும் அரசுத் திட்டம் நின்று போனது. சவோடோமே சோர்ந்து போகவில்லை. பொதுமக்களின் நன்கொடையால், 2002ல் டோக்கியோவில் ஒரு நினைவு மையம் உருவானது. 2022ல், தன் 90வது வயதில் அவர் இறந்தார். சேர்த்து வைத்த கதைகள் இருக்கின்றன.

உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியும் சிறுவயதில் புயல், வெள்ளம், பஞ்சம் பார்த்திருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மறக்காமல், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்!