குப்பைக் கூடையில் ஊசி

ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகக் குப்பையைப் பெற்றுப் பின் அதனைத் தரம் பிரிக்கின்றனர். நீரிழிவு நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்வோர் கிராமங்களிலும் உள்ளனர். அவர்கள் எறியும் ஊசி, காய்கறித் தோலுடன் கலந்து காவலரின் கைக்கு வந்து சேருகிறது.

இரத்தத்தின் வழியே தொற்றுவனவற்றுள் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் முதன்மையானவை. நோயுற்றவரின் இரத்தம் பட்ட ஊசி தைத்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றில் 30 வரை ஆகலாம். மக்கள் பெரிதும் அஞ்சுவது முன்னதற்கே. ஆனால் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாள் வீரியத்துடன் இருக்கவல்லது. நல்வாய்ப்பாக, அதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணை.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மருத்துவ நிலையங்கள் ஊசிகளைத் துளைபடாத வெண்ணிறக் கலத்தில் இடவேண்டும். கழிவைக் கையாளும் பணியாளர்க்கு ஹெபடைடிஸ் பி, தெடனஸ் தடுப்பூசிகளும் போடவேண்டும். வீட்டுக் குப்பையை அள்ளுவோர்க்கும் அத்தடுப்பூசி கிடைக்கச் செய்வதே முறை. கையுறை வழங்கியதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுதல் தவறு. மெல்லிய ரப்பர் உறை ஈரத்தைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது. குப்பையைக் கையால் அழுத்துவதும், பையைக் காலோடு அணைத்துச் சுமப்பதும் கூடா.

ஊசி தைத்துவிடின், அவ்விடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவவேண்டும். பிதுக்குதல், வாயால் உறிஞ்சுதல், சுண்ணாம்பு தடவுதல் வேண்டா. பின்னர்த் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென மருத்துவர் கருதினால், அதனை 72 மணி நேரத்திற்குள் தொடங்கவேண்டும். இரண்டு மணிக்குள் தொடங்குவது சாலச் சிறந்தது. 28 நாள் விடாது உட்கொள்ள வேண்டும். கூலி போய்விடுமே என்று காவலர் மறுநாளைக்கு ஒத்திப்போடாதிருக்க, அன்றைய வருகையை ஊராட்சிச் செயலர் குறித்துக்கொள்வாராக.

இல்லத்தார் செய்யவேண்டியது எளிது. பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே ‘ஊசி’ என்று எழுதிக் குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுக்கவேண்டும்.