மண்ணுக்குள் பார்க்கும் ரேடார்

2023 நவம்பர் 12-ல் உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக் கொண்டார்களே, நினைவிருக்கிறதா? நடுவில் கிடந்த இடிபாடு சுமார் 60 மீட்டர். அதைத் துளைத்துக் குழாய் செலுத்த ஆகர் மெஷின் வந்தது. உள்ளே புதைந்து கிடந்த இரும்பில் முட்டி முட்டி நின்றது. முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஜி.பி.ஆர். எனும் தரை ஊடுருவும் ரேடாரைக் கொண்டு போனார்கள்.

ஆன்டெனா ஒரு ரேடியோ துடிப்பை மண்ணுக்குள் விடும். கல், குழாய், பொந்து என்று வேறு பொருள் குறுக்கிட்டால் அலை சிதறும். அதில் கொஞ்சம் திரும்பி வரும். இரும்பு என்றால் பலமாகவே வரும்.

கணக்கு ரொம்ப சுலபம். ஒளியின் வேகத்தை மண்ணின் டைஎலக்ட்ரிக் மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மாறிலி 9 என்றால் நானோ செகண்டுக்கு 10 செ.மீ. எதிரொலி 40 நானோ செகண்டில் வந்தால் போக 20, வர 20. ஆகவே பொருள் 2 மீட்டரில்! தண்ணீருக்கு மாறிலி சுமார் 80. ஈரக் களிமண்ணில் அலை சீக்கிரமே செத்துப் போகும். ஆழம் வேண்டுமென்று அதிர்வெண்ணைக் குறைத்தால் சின்னப் பொருள் தெரியாது. அதே மண்ணில் 400 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 25 செ.மீ.; 100 மெகாஹெர்ட்ஸுக்கு 1 மீட்டர்.

எங்க அப்பா கெங்கவல்லிப் பக்கம் கிணறு வெட்டுகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கடப்பாரை ‘ணங்’ என்றால் பாறை, ‘தொப்’ என்றால் பொடிமண் என்பார். அதுவும் ஒரு எதிரொலிதானே? “உங்க மெஷின் ஒண்ணுமில்லைன்னு சொன்னா, நம்பி எறங்கலாமாடா?” என்று கேட்டார்.

நவம்பர் 24-ல் அடுத்த 5 மீட்டருக்கு இரும்புத் தடை இல்லை என்று ரேடார் ஆய்வு சொன்னதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். அன்றைக்கே ஆகர் மறுபடி இரும்பில் மோதியது. எனக்குப் படுவது இதுதான்: இடிபாட்டில் ஒவ்வொரு கல்லும் அலையைச் சிதறடிக்கும். தேர்க் கூட்டத்தில் ஒருத்தர் நம்மைக் கூப்பிடுகிற மாதிரி, கம்பியின் எதிரொலி அதில் அமுங்கிவிடும். தவிர, ஆன்டெனாவை மேலே இழுத்துக் கொண்டு போனால்தான் குழாயோ கம்பியோ கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைவாகத் திரையில் விழும். குறுகலான இடத்தில் இழுக்க வழியேது?

அதனால் நாளைக்கு நம்மில் யாராவது ரிப்போர்ட் எழுதினால், ‘தடை இல்லை’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. எந்த அதிர்வெண், எந்த மண், எத்தனை மீட்டர் வரை எதிரொலி இல்லை என்று எழுதணும். அப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்.

சில்க்யாராவில் உடைந்த ஆகரை உள்ளேயே வெட்டி வெட்டி வெளியே எடுத்தார்கள். கடைசிச் சில மீட்டரை எலிவளைத் தொழிலாளர்கள் கையாலேயே தோண்டினார்கள். நவம்பர் 28 இரவு 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.