உங்களுக்குத் தெரியுமா? கொல்லைப்புறத்துப் பசுமைக்குடில்

குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டம் போடுபவர்களுக்கு ஆண்டில் நான்கைந்து மாதம்தான் கையில் இருக்கிறது. மே மாதம் நட்டால் அக்டோபரில் பிடுங்கிவிட வேண்டும். கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் இருந்தால் முன்னால் சில வாரம், பின்னால் சில வாரம் கூடுதலாகக் கிடைக்கும். சில கீரைகளுக்குக் குளிர்காலம்கூடப் பருவமாகிவிடும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பகலில் வந்த வெயிலை இரவுக்குப் பத்திரப்படுத்தத் தெரிந்தால் போதும்.

அரசர் வீட்டு வெள்ளரி

● ரோமப் பேரரசர் திபேரியஸுக்கு (ஆட்சிக்காலம் கி.பி. 14–37) நாள் தவறாமல் வெள்ளரி வேண்டும். அவருடைய தோட்டக்காரர்கள் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடியை வளர்த்தார்கள். வெயில் அடித்தால் பாத்தியை வெளியே உருட்டினார்கள். குளிர் வந்தால் ஒளி புகும் மெல்லிய கல்தகடுகள் பதித்த மூடிக்குள் தள்ளினார்கள். ரோம அறிஞர் பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார்.

● கொரிய அரண்மனை மருத்துவர் ஜியோன் சுன்-உய் 1450களில் எழுதிய ‘சான்கா யோரோக்’ நூலில், குளிர்காலத்தில் காய்கறி வளர்க்கக் குடில் கட்டும் முறை இருக்கிறது. மண்சுவர், தெற்குப் பக்கம் எண்ணெய் தடவிய காகிதம், தரைக்கு அடியில் அடுப்பின் சூடு ஓடும் பாதை. வெயிலையும் விறகையும் சேர்த்துப் பயன்படுத்திய கட்டடம் அது.

● பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் ஆரஞ்சு மரங்களுக்கென்றே 1684–86-ல் ஒரு மாளிகை கட்டினார்கள். வடிவமைத்தவர் ஜூல் ஆர்துவான்-மான்சார். நடு மண்டபம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். தொட்டி மரங்கள் இன்றும் குளிர்காலத்தை அதற்குள் கழித்துவிட்டு, மே மாத நடுவில் வெளியே வருகின்றன.

● பிரிட்டனில் 1746 முதல் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். கண்ணாடிக் குடில் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1845-ல் வரி நீங்கியது, விலை இறங்கியது, நடுத்தரக் குடும்பங்களின் தோட்டங்களுக்கும் குடில் வந்து சேர்ந்தது.

● 1851-ல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் அடிப்படையில் தோட்டக்காரர். சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கண்ணாடிக் குடில் கட்டிக் கைதேர்ந்தவர். ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் தகடுகள் கொண்ட அந்தப் பெரும் கட்டடத்துக்கு அந்தப் பழக்கமே அடித்தளம்.

● கப்பலிலும் குடில் போனது! லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே சுழற்றிக்கொண்டு பிழைப்பதை 1829 வாக்கில் கண்டார். 1833-ல் அப்படிப்பட்ட பெட்டிகள் சிட்னி வரை செடிகளை உயிரோடு கொண்டு சேர்த்தன. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சாரலுக்கு வந்ததும், கொய்னா மருந்து தரும் சின்கோனா 1860களின் தொடக்கத்தில் நம் நீலகிரிக்கு வந்ததும் இந்தப் பெட்டிகளின் துணையால்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

● கண்ணாடி வெப்பக்கதிரைச் சிறைப்பிடிப்பதால்தான் குடில் சூடாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட் 1909-ல் இதைச் சோதித்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு வெப்பக்கதிரைத் தடுக்காத பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சூடேறின. சூடான காற்று மேலே எழுந்து தப்பிவிடாமல் அடைபடுவதுதான் முதன்மைக் காரணம். அதனால்தான் கதவிடுக்கில் ஒரு விரல் சந்து இருந்தாலும் குடில் இரவில் குளிர்ந்துவிடுகிறது.

● 200 லிட்டர் தண்ணீர் டிரம் ஒன்று 10 டிகிரி செல்சியஸ் குளிரும்போது ஏறத்தாழ 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வெளியே விடும். 1,000 வாட் ஹீட்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது போல. டிரம்முக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, வடக்குச் சுவரோரம், வெயில் படும்படி வையுங்கள். கரன்ட் பில் கிடையாது.

● 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் காய்கறித் தோட்டக்காரர்கள் குதிரை லத்தியைக் குவித்து, அது மட்கும்போது எழும் சூட்டின் மேல் பாத்தி அமைத்தார்கள். செடிக்குச் செடி மணி வடிவக் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்தார்கள். தெருவில் ஓடிய குதிரை வண்டிகள் போட்ட உரமே ஊருக்குக் குளிர்காலக் கீரையைத் தந்தது. மோட்டார் வண்டி வந்ததும் லத்தியும் குறைந்தது. அந்தத் தொழிலும் மங்கியது.

● வட சீனத்துக் குடில்களுக்கு வடக்கே கனத்த மண்சுவர். தெற்கே மட்டும் வளைந்த பாலித்தீன் தாள். பகலில் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் கூரை மேலிருந்து வைக்கோல் பாயை உருட்டி இறக்குவார்கள். வெளியே உறைபனி கொட்டும் மாதங்களிலும், பெரும்பாலும் எரிபொருள் இல்லாமலே உள்ளே காய்கறி விளைகிறது.

● லடாக்கின் லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவில் வெப்பநிலை மைனஸ் 20-க்கும் கீழே போகும். அங்கே இரண்டு வகைக் குடில்கள் உண்டு. ஒன்று, இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, குறுக்கே மரக்கழிகள் போட்டு, மேலே பாலித்தீன் விரிப்பது. மற்றொன்று, பச்சைச் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் வைக்கோல் திணிப்பது. இதன் உட்புறத்தைப் பாருங்கள்: மேற்குச் சுவருக்கு வெள்ளை, வடக்குக்கும் கிழக்குக்கும் கறுப்பு. காலை வெயில் மேற்குச் சுவரில் பட்டுத் தெறித்து, விறைத்துக் கிடக்கும் செடிகளை உடனே எழுப்ப வேண்டும், அதற்கு வெள்ளை. பிற்பகல் வெயில் கிழக்குச் சுவருக்குள் இறங்கி இரவுக்குச் சேமிப்பாக வேண்டும், அதற்குக் கறுப்பு. பனியில் சாலை அடைபட்டுக் காய்கறி விமானத்தில் வரும் ஊரில், பாலக்கும் கொத்தமல்லியும் வீட்டு வாசலிலேயே பறிக்கிறார்கள்.

● அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், அலையன்ஸ் என்ற ஊரில் ரஸ் ஃபின்ச் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் வீட்டுக் குடிலில் ஆரஞ்சு விளைவித்தார். எட்டடி ஆழத்தில் மண் குளிர்காலத்திலும் 11 டிகிரி வாக்கில் இருக்கும். அந்த ஆழத்தில் குழாய் பதித்து, ஒரு மின்விசிறியால் காற்றை அதன் வழியே சுற்றவிட்டார். அவ்வளவுதான் ஏற்பாடு.

● ஐஸ்லாந்தில் நிலத்தடி வெந்நீரால் குடிலைச் சூடாக்குவது 1924-லேயே தொடங்கிவிட்டது. துருவத்தை ஒட்டிய அந்தத் தீவின் குடில்களில் தக்காளி விளைகிறது. வாழை கூடக் குலை தள்ளுகிறது.

வெளிச்சமும் கணக்கில் உண்டு

● சூட்டை விடவும் வெளிச்சம் முக்கியமாகும் நாட்கள் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஹீட்டர் இல்லாத குடில்களில் குளிர்காலக் கீரை விளைவித்துப் பேர்பெற்ற எலியட் கோல்மன் சொல்லும் கணக்கு இது: பகல் 10 மணி நேரத்துக்குக் குறைந்தால் செடி வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். அவர் ஊரில் நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை அந்த நிலை. ஆகவே செடி அதற்குள் வளர்ந்து முடித்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் பறிப்பது மட்டுமே வேலை. விதைப்பை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுவதுதான் சூட்சுமம்.

● குடிலுக்குள் பாத்தி மேல் இன்னொரு மெல்லிய துணியையும் போர்த்துவது அவர் முறை. ஒவ்வோர் அடுக்கும் தோட்டத்தை 500 மைல் தெற்கே நகர்த்தியதற்குச் சமம் என்பது அவர் அனுபவக் கணக்கு.

● குளிர் பட்ட பாலக்கும் கேரட்டும் கூடுதலாக இனிக்கும். உறைந்து போகாமல் இருக்கச் செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது.

கட்டப் போகிறவர்களுக்கு

● பாலித்தீன் குடிலின் வரலாறு வசதிக் குறைவில் தொடங்கியது. கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி எம்மர்ட், கண்ணாடி விலை கட்டுப்படியாகாததால், 1948-ல் மரச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பார்த்தார். இன்று உலகெங்கும் சாமானிய விவசாயி குடில் கட்ட முடிகிறதென்றால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

● சாதாரண பாலித்தீன் வெயிலில் ஒரே பருவத்தில் நொறுங்கிவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். அது மூன்று நான்கு ஆண்டு உழைக்கும். இரண்டு தாள் போட்டு நடுவில் சிறு விசிறியால் காற்றை நிரப்பினால் வெப்ப இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

● பாலிகார்பனேட் தகட்டில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் புற ஊதாக் காப்புப் பூச்சு இருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் சில ஆண்டுகளில் தகடு மஞ்சளாகிவிடும்.

● குளிரை விட வேகமாகச் செடியைக் கொல்வது சூடு. வெளியே பனி கிடக்கும் மார்ச் மாதத்திலும், வெயில் நாளில் மூடிய சின்னக் குடில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். தக்காளிப் பூ அந்தச் சூட்டில் காய் பிடிக்காது. இதற்கு மின்சாரமே இல்லாத ஒரு கருவி உண்டு. கூரைச் சன்னலோடு பொருத்தும் உலோகக் குழாய். முழங்கை நீளம்கூட வராது. உள்ளே மெழுகு. சூடு ஏற ஏற மெழுகு உருகிப் பருக்கும். தண்டை வெளியே தள்ளும். சன்னல் தானாகத் திறக்கும். மாலையில் மெழுகு இறுகும். ஸ்பிரிங் இழுத்துச் சன்னலை மூடும். வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்புகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

● தண்ணீரைக் காலையிலேயே ஊற்றிவிடுங்கள். மாலையில் ஊற்றினால் இலை இரவு முழுக்க ஈரமாகக் கிடக்கும். சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். குளிர் நாளிலும் நண்பகலில் சிறிது நேரம் காற்று விட வேண்டும்.

● மூடிய குடிலில் காற்று அசையாது. தக்காளிப் பூ மகரந்தத்தை உதிர்க்காது. பம்பிள்பீ என்ற உரோமம் அடர்ந்த பெரிய தேனீ பூவைப் பிடித்து அதிர வைத்தே மகரந்தத்தை உதிர்க்கும். 1980களின் இறுதியிலிருந்து ஐரோப்பியக் குடில்களில் இதைக் கூடு கூடாக வாங்கி வைக்கிறார்கள். வீட்டுக் குடிலுக்கு அவ்வளவு வேண்டாம்: நண்பகலில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டால் போதும்.

● மண்ணெண்ணெய் ஹீட்டரையும் கேஸ் ஹீட்டரையும் புகைபோக்கி இல்லாமல் மூடிய குடிலில் எரிக்காதீர்கள். அரைகுறையாக எரிந்தால் வரும் எத்திலீன் செடியைக் கருக்கும். கார்பன் மோனாக்சைடு உள்ளே நிற்கும் ஆளின் உயிரையே எடுக்கும்.

எங்கெல்லாம் குடில்!

● ஸ்பெயினின் அல்மெரியா பகுதியில் ஏறத்தாழ 30,000 ஹெக்டேருக்குக் குடில்கள். விண்வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கோடையில் சுண்ணாம்பு பூசிய அந்தக் கூரைகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால், 1983–2006 காலத்தில் அங்கே காற்றின் வெப்பம் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி வீதம் குறைந்திருக்கிறது.

● அண்டார்டிகாவிலும் குடில் உண்டு. ஜெர்மனியின் நியூமேயர்-3 ஆய்வு நிலையத்தருகே, மண்ணும் வெயிலும் இல்லாமல் எல்.இ.டி. விளக்கில் இயங்கிய குடில் 2018 ஏப்ரலில் முதல் அறுவடை தந்தது: 3.6 கிலோ கீரை, 18 வெள்ளரி, 70 முள்ளங்கி.

● கனடாவின் டொரன்டோ பகுதித் தமிழர்கள் கொல்லைப்புறங்களில் கத்தரி, வெண்டை, பாகல், புடலை எல்லாம் போடுகிறார்கள். மே மாத இறுதியை ஒட்டி வரும் விக்டோரியா தினத்துக்கு முன் நாற்றை வெளியே வைத்தால் உறைபனி தாக்கக்கூடும் என்பது அங்கே வழிவழியாக வரும் கணக்கு. குடில் இருந்தால் அந்தக் காத்திருப்பு வீணாகாது. நட வேண்டிய நாளுக்குள் நாற்று நன்றாகத் தேறி நிற்கும். கறிவேப்பிலையையும் முருங்கையையும் மட்டும் தொட்டியிலேயே வையுங்கள். கடுங்குளிரில் அவற்றுக்கு வீட்டுக்குள்தான் இடம்.

● கடைசியாக ஒன்று. டிசம்பர் 21 நண்பகலில் டொரன்டோவில் சூரியன் 23 பாகை உயரம்தான் ஏறும். அப்போது 2 மீட்டர் வேலியின் நிழல் ஏறத்தாழ 4.7 மீட்டர் நீளும். கோடையில் வெயில் கொட்டும் மூலை குளிர்காலத்தில் நாள் முழுக்க இருட்டாகவே கிடக்கலாம். ஆகவே தாளோ தகடோ வாங்கும் முன், இந்தக் குளிர்காலத்தில் ஒரு நண்பகல் கொல்லைப்புறத்துக்குப் போய், நிழல் விழாத இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள். குடிலை அங்கே கட்டுங்கள்.