நாய்க்குட்டி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

"அப்பா, ஒரே ஒரு நாய்க்குட்டிப்பா... நாங்களே பார்த்துக்குறோம்!"

உங்கள் வீட்டிலும் இந்தக் கெஞ்சல் கேட்டிருக்குமே? தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். டிபன், ஸ்கூல் வேன், ஆபீஸ் பஸ் என்று பறக்கிற வீட்டில் குட்டிக்கு யார் சோறு வைப்பது, யார் வெளியே கூட்டிப் போவது? முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொள்ளாவிட்டால், எல்லாம் அம்மா தலையில்தான் விழும்.

எதை வாங்கலாம்?

8 வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கூடப் பிறந்தவற்றோடு கட்டிப் புரளும்போதுதான், 'இவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும்' என்று அது கற்றுக்கொள்கிறது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டை நாய்கள். ஓட இடமில்லாத ஃப்ளாட்டில் அடைத்து வைப்பது பாவம். நம் வெயிலுக்கு ஹஸ்கி சரிப்படாது. சாதாரண நாட்டுக் குட்டியே தாராளம்!

வீடெல்லாம் ஈரமா?

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். அங்கே போய்விட்டால், அந்த நிமிஷமே 'சபாஷ்' சொல்லித் தட்டிக்கொடுங்கள். அடிப்பதோ, மூக்கைத் தரையில் தேய்ப்பதோ வேண்டாம். பயந்துபோய், உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பித்துவிடும்!

தாத்தா 'உட்காரு' என்பார், பேரன் 'ஸிட்' என்பான். குட்டி யார் பேச்சைக் கேட்கும்? வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள்.

3 மாதத்திலிருந்து 6 மாதத்துக்குள் பால் பற்கள் விழும். ஈறு நமநமவென்று இருப்பதால் செருப்பைக் கடிக்கும். கடிக்க ரப்பர் பொம்மை கொடுங்கள். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு

வெங்காயமும் பூண்டும் நமக்கு நல்லதுதான். ஆனால் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அவை சிதைக்கும். அதனால் மிச்ச சாம்பார் சாதம் கூடாது. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட்டும் ஆகாது. காய்ச்சல் என்று நம் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசியை ஆரம்பித்து, 16 வாரம் வரை தவணை தவறாமல் போட வேண்டும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பூச்சி மருந்தையும் மறக்காதீர்கள்.

கடித்துவிட்டால்...

"வைத்தியரய்யா, ஊசி வேண்டாம், பச்சிலை கொடுங்க" என்று என்னிடம் வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. சித்த மருத்துவம் படித்த நானே சொல்கிறேன், நாய்க்கடிக்குப் பச்சிலையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். வெறிநோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஊசியால் தடுக்கத்தான் முடியும்.

நகக் கீறலானாலும் சரி, பால் பல் பட்ட பொட்டு ரத்தமானாலும் சரி, உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். டாக்டர் சொன்ன எல்லாத் தவணையையும் முடியுங்கள்.

பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து கடியை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. 'நாய் கடிச்சா உடனே சொல்லு, திட்ட மாட்டோம்' என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைச் சீண்டக்கூடாது என்றும் சொல்லுங்கள். அப்புறம் குட்டியைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள்!