35-7 முன்னிலையில் இருந்தும் களத்தில் ஏன்? மாற்று ஆட்டக்காரரை இறக்கும் நேரம் எது?

2019 நவம்பர் 16. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஸ்டார்க்வில் நகரில் அலபாமா பல்கலைக்கழக அணி, மிசிசிப்பி ஸ்டேட் அணியை எதிர்கொண்டது. முற்பாதி ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அலபாமா 35-7 என்று முன்னிலையில் இருந்தது.

வெற்றி ஏறக்குறைய உறுதியான நிலையிலும் அலபாமாவின் நட்சத்திர ஆட்டக்காரர் துவா டகோவைலோவா களத்தில் இருந்தார். நான்கு வாரங்களுக்கு முன்புதான் அவருக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பந்தை வீச ஓடியபோது எதிரணியினர் இருவர் அவர்மீது விழுந்தனர். அவருடைய வலது இடுப்பு மூட்டு விலகியது, எலும்பும் முறிந்தது. அத்துடன் அவரது கல்லூரி ஆட்டம் முடிவுக்கு வந்தது.

அந்தத் தாக்குதலுடன் அவரை வெளியே எடுப்பதே திட்டம் என்று பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் பின்னர் விளக்கினார். முற்பாதியின் இறுதி நிமிடங்களில் வேகமாக ஆடும் முறையை ஒருமுறை பழகிக்கொள்ளட்டும் என்று அவர் நினைத்திருந்தார்.

வென்றுகொண்டிருக்கும் அணி முதன்மை ஆட்டக்காரரை எப்போது அமர வைக்கவேண்டும் என்ற கேள்வி அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுகிறது. அன்று அந்தக் கேள்வி ஓர் இளையரின் எதிர்காலத்தையே உலுக்கிவிட்டது.

நம் காற்பந்து போன்றதல்ல

இங்கு நாம் பார்க்கும் காற்பந்தில் வெளியே போன ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் மீண்டும் களமிறங்க முடியாது. பெரும்பாலான போட்டிகளில் ஐந்து மாற்றங்களுக்கு மட்டுமே இடமுண்டு. எனவே, மாற்று ஆட்டக்காரரை இறக்குவது திரும்பப் பெறமுடியாத முடிவு.

அமெரிக்கக் காற்பந்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே நேரத்தில் களத்தில் நிற்பவர்கள் 11 பேர்தான் என்றாலும், எத்தனை பேரை வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே அமர்ந்தவரைத் தேவைப்பட்டால் மீண்டும் அழைக்கலாம். தாக்குதலுக்கு ஒரு குழு, தற்காப்புக்கு இன்னொரு குழு, பந்தை உதைக்க வேறொரு குழு என்று அணி பிரிந்திருக்கும்.

இவர்களில் ‘குவாட்டர்பேக்’ எனப்படுபவரே தாக்குதலின் அச்சாணி. ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அவர் காயமடைந்தால் அணியின் பருவமே கவிழ்ந்துவிடலாம்.

விதி தாராளமாக இருப்பதால் முடிவு சுலபமாகிவிடவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால்தான், ஏன் இன்னும் மாற்றவில்லை என்ற கேள்வியும் பயிற்றுவிப்பாளரைத் துரத்துகிறது.

முதலில் கணக்கு

எவ்வளவு முன்னிலை இருந்தால் போதும்? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசென்றால் கிடைக்கும் ‘டச்டவுன்’ ஆறு புள்ளிகள். அதன்பின் கிடைக்கும் கூடுதல் முயற்சியில் அதிகபட்சம் இரண்டு புள்ளிகள். ஆகவே, பந்து கையில் கிடைக்கும் ஒரு வாய்ப்பில் ஓர் அணி எடுக்கக்கூடியது அதிகபட்சம் எட்டுப் புள்ளிகள்.

16 புள்ளிகள் பின்தங்கிய அணிக்கு இரண்டு வாய்ப்புகள் போதும். 17 என்றால் மூன்று தேவை. 25 புள்ளி என்றால் நான்கு. ஆட்டம் தலா 15 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளாக நடக்கும். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 12 வாய்ப்புகள், அதாவது ஒரு கால்பகுதிக்கு மூன்று வாய்ப்புகள் கிடைக்கும்.

எனவே, நான்காவது கால்பகுதி தொடங்கும்போது 25 புள்ளிகளுக்கு மேல் முன்னிலையில் இருக்கும் அணியை எட்டிப்பிடிப்பது மிகக் கடினம். பின்தங்கிய அணி கிடைக்கும் எல்லா வாய்ப்பிலும் முழுப் புள்ளி எடுத்தாலும் போதாது. முன்னிலையில் உள்ள அணியோ பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே கடிகாரத்தைக் கரைத்துவிடலாம்.

இடைவேளையில் நிலைமை வேறு. அப்போது எதிரணிக்கு இன்னும் ஆறு வாய்ப்புகள் பாக்கி. அன்று அலபாமாவிடம் இருந்தது 28 புள்ளி முன்னிலை. அதை எட்ட நான்கு வாய்ப்புகள் தேவை. கணக்கின்படி அது முற்றிலும் பாதுகாப்பான முன்னிலை அன்று. ஆனால், இரு அணிகளின் பலத்தையும் பார்த்தவர்களுக்கு முடிவில் சந்தேகம் இருந்திருக்காது. தாளில் போடும் கணக்குக்கும் களநிலவரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் பயிற்றுவிப்பாளரின் முடிவு நிற்கிறது.

முந்தியும் வரக்கூடாது

பயிற்றுவிப்பாளர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2006 அக்டோபரில் மூன்றாவது கால்பகுதியில் 38-3 என முன்னிலையில் இருந்த நார்த்வெஸ்டர்ன் அணி, மிச்சிகன் ஸ்டேட்டிடம் 41-38 எனத் தோற்றது. அந்த 35 புள்ளி மீட்சி உயர்நிலைக் கல்லூரிக் காற்பந்தில் ஒரு சாதனை.

2016 ஜனவரியில் நடந்த அலமோ பௌல் ஆட்டம் இன்னும் பொருத்தமான பாடம். ஆரகன் அணி இடைவேளையில் 31-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆனால், அதன் குவாட்டர்பேக் வெர்னன் ஆடம்ஸ் முற்பாதியிலேயே காயமடைந்து வெளியேறியிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவரால் தாக்குதலை நகர்த்த முடியவில்லை. பிற்பாதியின் வழக்கமான ஆட்டநேரத்தில் ஆரகன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

எதிரணியான டிசியுவும் அன்று மாற்று ஆட்டக்காரரை நம்பியே வந்திருந்தது. அதன் முதன்மை குவாட்டர்பேக் இடைநீக்கம் செய்யப்பட்டதால், பிராம் கோல்ஹௌசன் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். மூன்று கூடுதல் நேரச் சுற்றுகளுக்குப் பிறகு டிசியு 47-41 என்று வென்றது. ஒரே ஆட்டத்தில் ஒரு மாற்று ஆட்டக்காரர் தடுமாறினார், இன்னொருவர் வரலாறு படைத்தார்.

அமர்ந்திருந்தவருக்கு வரும் நாள்

மாற்று ஆட்டக்காரரை இறக்குவது முதன்மை ஆட்டக்காரரைப் பாதுகாக்க மட்டுமன்று. அவர் தேவைப்படும் நாள் என்றாவது வரும் என்பதே இன்னொரு காரணம்.

2014ஆம் ஆண்டு ஒஹையோ ஸ்டேட் அணிக்கு அந்த நாள் இரண்டு முறை வந்தது. பருவம் தொடங்குமுன்பே பிராக்ஸ்டன் மில்லர் தோள்பட்டைக் காயத்தால் விலகினார். அவரிடத்தில் வந்த ஜே.டி. பேரட், நவம்பர் இறுதியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து வெளியேறினார். எஞ்சியிருந்தவர் மூன்றாம் நிலை ஆட்டக்காரர் கார்டேல் ஜோன்ஸ்.

அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆட்டமே வட்டார இறுதியாட்டம். அதில் விஸ்கான்சினை 59-0 என்று ஒஹையோ ஸ்டேட் வீழ்த்தியது. அடுத்து அலபாமாவை 42-35, பின் ஆரகனை 42-20 என்று வென்று தேசிய வெற்றியாளர் பட்டத்தைக் கைப்பற்றியது.

அலபாமாவிலும் அதுபோன்ற கதை உண்டு. 2018 ஜனவரியில் தேசிய இறுதியாட்டத்தின் இடைவேளையில் ஜார்ஜியாவிடம் அலபாமா 13-0 எனப் பின்தங்கியிருந்தது. சேபன் தமது முதன்மை குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்சை அமர வைத்து, முதலாண்டு மாணவரான டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அலபாமா 26-23 என்று வென்றது. வெல்லும்போது மட்டுமல்ல, தாக்குதல் அடியோடு முடங்கும்போதும் மாற்றத்துக்கு நேரம் வந்துவிட்டது என்பதற்கு இது சான்று.

அடுத்த பருவத்தில் டகோவைலோவா முதன்மை ஆட்டக்காரர், ஹர்ட்ஸ் மாற்று. அலபாமா எளிதாக வென்ற பல ஆட்டங்களில் இறுதிக் கால்பகுதியை ஹர்ட்சிடம் சேபன் ஒப்படைத்தார். அந்த நிமிடங்களுக்கு அப்போது யாரும் பெரிய மதிப்புத் தரவில்லை.

டிசம்பர் 1ஆம் தேதி வட்டார இறுதியாட்டத்தில் டகோவைலோவா காயமடைந்தார். எதிரணி அதே ஜார்ஜியா. களமிறங்கிய ஹர்ட்ஸ், பின்தங்கியிருந்த அணியை 35-28 என்ற வெற்றிக்கு இட்டுச்சென்றார்.

ஒரு நிமிடத்துக்கு ஓராண்டு

கல்லூரிக் காற்பந்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாணவருக்கு ஐந்தாண்டுக் காலத்தில் நான்கு பருவங்கள் ஆட மட்டுமே தகுதி. ஒரு பருவம் முழுதும் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்து, அந்த ஆண்டைச் சேமித்து வைப்பதற்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர்.

முன்பு ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தலைகாட்டினாலே பொதுவாக அந்தச் சேமிப்பு கைவிட்டுப் போகும். அதனால், 40 புள்ளி முன்னிலையில் இருந்தாலும் முதலாண்டு மாணவரை இறக்கப் பயிற்றுவிப்பாளர்கள் அஞ்சினர். பெற்றோர் பார்வையாளர் மேடையில் காத்திருப்பார்கள், பிள்ளை களமிறங்கமாட்டார்.

2018இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ இந்த விதியைத் தளர்த்தியது. நான்கு ஆட்டங்கள்வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது என்று அறிவித்தது. அதன்பின் அந்த நான்கு ஆட்டங்களைச் சேமிப்புப் பணம்போல் பார்த்துச் செலவழிக்கும் பழக்கம் வந்தது. எளிய ஆட்டம் ஒன்றில் ஓர் அனுபவம். பருவ இறுதியில் காயங்கள் பெருகும்போது கைகொடுக்க மீதி.

அதே விதி வேறு வழியிலும் பயன்பட்டது. அவ்வாண்டு கிளெம்சன் அணி நான்கு ஆட்டங்களுக்குப் பிறகு மூத்த ஆட்டக்காரர் கெல்லி பிரையன்டுக்குப் பதிலாக முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்சைத் தொடக்க ஆட்டக்காரராக அறிவித்தது. நான்கு ஆட்டங்களே ஆடியிருந்த பிரையன்ட் தமது ஆண்டைக் காப்பாற்றிக்கொண்டு வேறு கல்லூரிக்குச் செல்ல முடிவெடுத்தார்.

சில நாள்களிலேயே சிரக்யூஸ் அணிக்கு எதிராக லாரன்ஸ் காயமடைந்தார். பிரையன்ட் இல்லாத நிலையில் சேஸ் பிரைஸ் களமிறங்கினார். பின்தங்கியிருந்த கிளெம்சன், அவர் தலைமையில் 94 கெஜம் கடந்து சென்று 27-23 என்று வென்றது. அப்பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசியப் பட்டத்தையும் வென்றது.

எதிரணிக்கும் மானம் உண்டு

1916இல் ஜார்ஜியா டெக் அணி கம்பர்லேண்ட் கல்லூரியை 222-0 என்று வென்றது. இடைவேளையிலேயே எண்ணிக்கை 126-0. ஜார்ஜியா டெக் பயிற்றுவிப்பாளர் ஜான் ஹைஸ்மன். கல்லூரிக் காற்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது இன்றும் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. ஆனாலும், அந்த ஆட்டத்தை இன்று யாரும் முன்மாதிரியாகக் காட்டுவதில்லை.

வென்றபின் வதைக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதி. ஆனால், மாற்று ஆட்டக்காரர்கள் களமிறங்கியபின் அவர்களும் புள்ளி எடுத்தால் அது வதையா? வாரம் முழுதும் அதே பயிற்சி செய்தவர்களை, கிடைத்த பத்து நிமிடத்திலும் முழுமையாக ஆடவேண்டாம் என்று தடுப்பது நியாயமன்று என்பது ஒரு தரப்பு. பந்தை நெடுந்தூரம் வீசாமல் ஓடி மட்டும் ஆடினால் போதும் என்பது மறுதரப்பு. பெரும்பாலான பயிற்றுவிப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றனர்.

அப்படியானால் எப்போது?

எல்லா அணிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆயினும், இந்த அனுபவங்களிலிருந்து சில வழிகாட்டிகள் தெரிகின்றன.

எதிரணிக்கு எஞ்சியுள்ள வாய்ப்புகளைவிட, அது எட்டிப்பிடிக்கத் தேவைப்படும் வாய்ப்புகள் அதிகமாகிவிட்டால் முதன்மை ஆட்டக்காரருக்குக் களத்தில் வேலை இல்லை. பழைய காயம் உள்ளவரை அதற்கும் முன்பே எடுத்துவிடவேண்டும். ஆட்டம் கையை விட்டுப்போய்விட்டால் தோற்கும் அணிக்கும் இதே கணக்குதான்.

எல்லாரையும் ஒரேயடியாக மாற்றுவதும் நல்லதன்று. குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையையும் சேர்த்து மாற்றிவிட்டால், புதிதாக வந்தவரே அடிபடக்கூடும். முன்வரிசையினர் சிலரைச் சற்று நேரம் வைத்துக்கொண்டு படிப்படியாக மாற்றுவது பாதுகாப்பானது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காயத்தை முழுதாகத் தவிர்க்க முடியாது. 2023 நவம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் முதல் கால்பகுதியிலேயே, அணி பின்தங்கியிருந்தபோது காலில் படுகாயமடைந்தார். அந்த நேரத்தில் அவரை யாரும் அமர வைத்திருக்க மாட்டார்கள். அவர் காயமடைந்தபின் மாற்று ஆட்டக்காரர்களுடன் ஆடியும், தேர்வுக்கு முன்பான 13 ஆட்டங்களிலும் அந்த அணி வென்றிருந்தது. இருந்தும், தேசியப் பட்டத்துக்கான நான்கு அணிகளில் ஒன்றாகத் தேர்வுக்குழு அதைச் சேர்க்கவில்லை. டிராவிஸ் இல்லாத அணி பழைய அணி அல்ல என்று குழு கருதியதே முக்கியக் காரணம்.

ஸ்டார்க்வில்லில் டகோவைலோவா வெளியேறியபின் களமிறங்கியவர் மேக் ஜோன்ஸ். அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்களில் அவருக்கு வெற்றியும் கிடைத்தது, ஆபர்ன் அணியிடம் 48-45 என்ற கசப்பான தோல்வியும் கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவரது தலைமையில் அலபாமா 13 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டத்தைப் பெற்றது. டகோவைலோவாவும் குணமடைந்து, 2020இல் தொழில்முறைக் காற்பந்தில் ஐந்தாவது ஆளாகத் தேர்வானார். அமர வைக்கப்பட்ட ஹர்ட்ஸ், 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

மூவரும் ஒரே காலத்தில் ஒரே அணியில், ஒரே இடத்துக்காகக் காத்திருந்தவர்கள்.